ரௌட்டரில் யாருக்கு முதல் வழி

"100 எம்பி பிளான் இருக்கு, அப்படியும் போன்ல குரல் உடையுது. 300க்கு மாத்திடலாமா சார்?" என்று யாராவது கேட்டால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள் என்பேன். சென்னையில் சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுத் தருவது என் தொழில். அம்பத்தூர் எஸ்டேட்டில் சில பட்டறைகள், தி.நகரிலும் மயிலாப்பூரிலும் ஆடிட்டர் ஆபீஸ்கள், பெருங்குடிப் பக்கம் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற கம்பெனிகள். எங்கே போனாலும் புகார் 'நெட் ஸ்லோ' என்றுதான் வரும். போய்ப் பார்த்தால் முக்கால்வாசி இடங்களில் பேண்ட்வித் தாராளமாக இருக்கும். எது முன்னால் போக வேண்டும், எது கொஞ்சம் காத்திருக்கலாம் என்று ரௌட்டருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அப்படிச் சொல்லித் தரும் வேலைக்குத்தான் க்யூஓஎஸ் (குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்) என்று பெயர். இந்தத் தொழிலுக்கு வருகிற பையன்கள் தமிழில் படிக்க இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

பனகல் பார்க் பக்கத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொள்கிறேன். மாதம்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும், அதனால் அதற்கு முந்தின நாட்களில் அங்கே போன் ஓயாது. மேஜைக்கு மேஜை நெட் வழியாகப் பேசும் ஐபி போன், மொத்தம் ஆறு. காலையில் நன்றாகப் பேசும். சாயங்காலம் நான்கு மணி தாண்டினால் வார்த்தை பாதி பாதியாக விழும். வாடிக்கையாளர் ஜிஎஸ்டி எண்ணைச் சொல்வார், நடுவில் இரண்டு எழுத்து காணாமல் போகும். "திரும்பச் சொல்லுங்க சார், திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டே அங்கிருக்கும் பெண்கள் களைத்துப் போவார்கள். ஆபீஸ் மேடம் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். டவுன்லோடு 94. "94 வருதே தம்பி, அப்புறம் ஏன் இப்படி?"

அந்த 94, ஒரு நொடியில் மொத்தம் எவ்வளவு வந்து சேருகிறது என்பதைக் காட்டுகிறது. டேட்டா சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும், ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். ஒரு பாக்கெட் வழியில் எவ்வளவு நேரம் நின்று காத்திருந்தது என்பதை அந்த 94 காட்டாது. போன் பேசுகிறவருக்கு அந்த இரண்டாவது கணக்குதான் உயிர்.

லேப்டாப்பை நேராக ரௌட்டரில் கேபிள் போட்டுச் சொருகி பிங் ஓடவிட்டேன். ஒரு சின்ன பாக்கெட் போய்ப் பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை அது. 6, 7, 6, 6 மில்லிசெகண்ட் என்று அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மணி ஆனதும் 38 வந்தது. அடுத்து 145. பிறகு 390. 600ஐத் தொட்டதும் அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே நின்றது. நடுநடுவே ஒரு பதில் வராமலே போனது. ரௌட்டரில் யார் அனுப்புகிறார்கள் என்று பார்த்தால், மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர், அவர்கள் சர்வர் என்று அழைப்பது. டாலி டேட்டாவைத் தினமும் நான்கு மணிக்கு கிளவுடில் ஏற்றும்படி வைத்திருக்கிறார்கள். ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற ஆபீஸ் அது, அதனால் பகலிலேயே பேக்கப். நியாயமான ஏற்பாடுதான், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அந்த இணைப்பில் டவுன்லோடு 100, அப்லோடு 20 எம்பிபிஎஸ். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் ஒரு முறை) ஒரு போன் அழைப்பு என்றால் குரலுக்கு 64 கேபிபிஎஸ். நொடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், தலைப்புத் தகவல் 40 பைட். ஐபி அளவில் மொத்தம் 80 கேபிபிஎஸ் ஆகிறது. ஆறு போனும் ஒரே நேரத்தில் பேசினால் 480. இருபது எம்பியில் இது 2.4 சதவீதம்! இடம் இல்லாமல் குரல் உடையவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

பேக்கப் அனுப்புகிற பாக்கெட் ஒவ்வொன்றும் 1500 பைட். கம்ப்யூட்டரிலிருந்து ரௌட்டருக்கு ஜிகாபிட் கேபிளில் வேகமாக வந்து சேரும், ரௌட்டரிலிருந்து வெளியே 20 எம்பியில்தான் போக முடியும். மிச்சமெல்லாம் வரிசையில் நிற்கும். லினக்ஸில் ஈதர்நெட் போர்ட்டுக்கு வெகுகாலமாக இருந்துவந்த வழக்கமான வரிசை நீளம் 1000 பாக்கெட். ஆயிரம் பாக்கெட் என்றால் 1 கோடியே 20 லட்சம் பிட். நொடிக்கு 2 கோடி பிட் வெளியே போகும் இணைப்பில் அந்த வரிசை காலியாக 0.6 நொடி, அதாவது 600 மில்லிசெகண்ட். திரையில் நான் பார்த்த எண்ணும் அதுதான். குரல் பாக்கெட் வெறும் 200 பைட் என்றாலும், வந்த நேரத்தில் முன்னால் ஆயிரம் பேர் நின்றால் அதுவும் கடைசியில்தான் நிற்க வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை, ஒரு திசையில் 150 மில்லிசெகண்டுக்குள் தாமதம் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது. இங்கே அதைப் போல நான்கு மடங்கு. போதாததற்கு அந்தத் தாமதம் நிலையாகவும் இருக்காது, ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஜிட்டர் என்கிறோம். வந்த பாக்கெட்டைச் சற்று நேரம் பிடித்து வைக்க போனில் இருக்கும் சின்ன பஃபரால் கொஞ்சம் ஜிட்டரைத்தான் சமாளிக்க முடியும். அதைத் தாண்டி வருகிற பாக்கெட்டை அது தூக்கிப் போட்டுவிடும். ஜிஎஸ்டி எண்ணில் காணாமல் போன அந்த இரண்டு எழுத்து அப்படிப் போனதுதான்.

வரிசையை எதற்கு இவ்வளவு நீளமாக வைத்தார்கள் என்று கேட்கலாம். பாக்கெட் தொலைந்தால் கெட்டது, அதனால் பஃபர் பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணம். மெமரி விலை குறையக் குறைய எல்லாக் கருவியிலும் பஃபர் வீங்கியது. ஆனால் டிசிபி (இணையத்தில் டேட்டாவை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் விதிமுறை) வேலை செய்வதே பாக்கெட் தொலைவதை நம்பித்தான். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கஜ தூரத்தில், 32 கேபிபிஎஸ் வேகம் 40 பிபிஎஸ்ஸாக விழுந்தது. கிலோ இல்லை, வெறும் 40 பிட். அந்த நெரிசலைக் கண்டு வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் உருவாக்கிய முறைதான் இன்றுவரை டிசிபியின் அடித்தளம்: பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று புரிந்துகொண்டு அனுப்புகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். பஃபர் பெரிதாக இருந்தால் அந்தச் சேதி தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதற்குள் வரிசை நிரம்பிவிடும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற இன்ஜினியர் தன் வீட்டு இணைப்பில் இதையே கண்டுபிடித்து, பஃபர்புளோட் என்று பெயரும் வைத்து ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு க்யூஓஎஸ் மேல் உண்மையான பிடிப்பு வந்தது.

சரி, வைத்தியம். முதல் வேலை, வரிசை நம் கைக்குள் இருக்க வேண்டும். ஐஎஸ்பி, அதாவது நெட் தரும் கம்பெனி, மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டிக்குள் வரிசை உருவானால் அதில் நாம் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நம் ரௌட்டரில் அப்லோடை 20க்குக் கொஞ்சம் கீழே, 18க்கு ஷேப்பிங் செய்தேன், அதாவது அந்த வேகத்தைத் தாண்டாமல் கட்டுப்படுத்தினேன். அப்போது பெட்டிக்குள் எதுவும் தேங்காது, தேங்குவதெல்லாம் நம் ரௌட்டரில் தேங்கும். அங்கே யாரை முன்னால் விடலாம் என்று நாம் தீர்மானிக்கலாம். 2 எம்பி வீணாகிறதே என்று மேடம் வருத்தப்பட்டார். அந்த 2 எம்பிதான் மற்ற 18ஐயும் உருப்படியாக்குகிறது என்றேன். இதைச் செய்யாமல் வேறு என்ன க்யூஓஎஸ் போட்டாலும் பலன் இருக்காது. நெரிசல் இல்லாத இடத்தில் முன்னுரிமைக்கு வேலையே கிடையாது.

ஷேப்பிங்கையும் போலீசிங்கையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். அளவைத் தாண்டி வரும் பாக்கெட்டைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக அனுப்புவது ஷேப்பிங். தாண்டினால் அங்கேயே தூக்கிப் போடுவது போலீசிங். அம்பத்தூரில் ஒரு பட்டறைக்கும் கிண்டியில் அவர்களுடைய ஆபீஸுக்கும் நடுவே 10 எம்பி லீஸ்டு லைன், அதாவது அவர்களுக்கென்றே தனி இணைப்பு, இருந்தது. கேபிள் என்னவோ 100 எம்பி ஈதர்நெட்தான், ஐஎஸ்பி தன் பக்கத்தில் 10 எம்பிக்கு போலீசிங் வைத்திருந்தது. நம் ரௌட்டருக்கு அது தெரியாது. 100 எம்பி வேகத்தில் கொட்டும், அங்கே பாக்கெட்டுகள் கொத்துக் கொத்தாக விழும், டிசிபி பயந்து வேகத்தைக் குறைக்கும், மறுபடி ஏறும், மறுபடி விழும். 10 எம்பிக்குக் காசு கொடுத்துவிட்டு 6, 7 எம்பிதான் கிடைத்தது அவர்களுக்கு. நம் பக்கத்தில் 9.5க்கு ஷேப்பிங் வைத்ததும் 9க்கு மேல் நிலையாக ஓட ஆரம்பித்தது. குறைத்து வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை அந்த முதலாளி கிராஃபைப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

இரண்டாவது வேலை முன்னுரிமை. வடபழனி முருகன் கோயிலில் கிருத்திகை அன்று போனால் தர்ம தரிசன வரிசை ஒரு பக்கம், சிறப்பு தரிசன வரிசை ஒரு பக்கம். சிறப்பு வரிசையில் ஆள் இருக்கும்வரை அவர்களையே விட்டுக்கொண்டிருந்தால், தர்ம தரிசனத்தில் நிற்கிற பாட்டி நடை சாத்தும்வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். கண்டிப்பான முன்னுரிமை வரிசையின் ஆபத்து அப்படியே இதுதான். அதனால்தான் நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோவின் எல்எல்க்யூ என்ற வரிசை முறையில் முன்னுரிமை வகுப்புக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறார்கள். இணைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்குத் தராதீர்கள் என்பது அவர்களுடைய வழக்கமான அறிவுரை. நான் அந்த ஆபீஸில் குரலுக்கு 1 எம்பி வைத்தேன். ஆறு போனுக்கு அது இரண்டு மடங்கு.

அங்கே இருப்பது ரிச்சி தெருவில் வாங்கிய மைக்ரோடிக் ரௌட்டர். வரிசையை அதில் க்யூ என்பார்கள். அதில் லிமிட்-அட் என்பது கட்டாயம் கிடைக்க வேண்டிய அளவு, மேக்ஸ்-லிமிட் என்பது இடம் இருந்தால் எட்டக்கூடிய அளவு. பிரையாரிட்டி எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். எல்லாருடைய லிமிட்-அட்டும் நிறைந்த பிறகு மிச்சம் இருப்பதை யாருக்கு முதலில் தருவது என்பதற்குத்தான் அந்த எண். மேலே இருக்கும் பேரண்ட் க்யூவுக்கு மேக்ஸ்-லிமிட் போடாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்றே அதற்குத் தெரியாது, பிரையாரிட்டி சும்மா எழுதி வைத்ததாகவே இருக்கும். இன்னொன்று, பாக்கெட்டைக் குறுக்கு வழியில் அனுப்பும் ஃபாஸ்ட்ட்ராக். ரௌட்டரின் சிபியுவுக்குச் சுமை குறைய அதை எல்லாரும் போட்டு வைக்கிறார்கள். ஃபாஸ்ட்ட்ராக்கில் போகிற பாக்கெட் சிம்பிள் க்யூவைத் தொடவே தொடாது. எல்லாம் சரியாக எழுதியிருந்தும் க்யூவில் எண்ணிக்கை 0 என்று நின்றால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான்.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மைக்ரோடிக் க்யூவில் 1 உயர்ந்தது, 8 தாழ்ந்தது. நெட்வொர்க் சுவிட்சில் 802.1பி என்று வரும் முன்னுரிமை எண் 0 முதல் 7 வரை, அதில் 7 உயர்ந்தது. அங்கேயும் 1 என்பது 0ஐ விடக் கீழே, பின்னணி வேலைகளுக்கானது. ஒரு பெட்டியில் படித்ததை அடுத்த பெட்டியில் அப்படியே போடக் கூடாது.

எது குரல், எது பேக்கப் என்று ரௌட்டர் எப்படி அறியும்? ஐபி தலைப்பில் அதற்கென்றே ஒரு பைட் 1981இலிருந்து இருக்கிறது. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2474 என்ற இணைய விதி ஆவணம் அதில் மேல் ஆறு பிட்டை டிஎஸ்சிபி என்று வகுத்தது. 64 மதிப்புகள் வைக்கலாம். குரலுக்கு 46, அதை இஎஃப் என்பார்கள். பல ஐபி போன்கள் இந்த 46ஐத் தாங்களே போட்டுத்தான் பாக்கெட்டை அனுப்புகின்றன. வீடியோ பேச்சுக்கு ஏஎஃப்41, அதன் எண் 34. ஏஎஃப் வகையில் முதல் இலக்கம் வகுப்பு, இரண்டாவது இலக்கம் நெரிசலில் எது முதலில் விழ வேண்டும் என்பது. முதல் இலக்கத்தை 8ஆல், இரண்டாவதை 2ஆல் பெருக்கிக் கூட்டினால் டிஎஸ்சிபி எண் வந்துவிடும், மனப்பாடம் தேவையில்லை. சில கருவிகள் டிஎஸ்சிபி எண்ணைக் கேட்காமல் முழு பைட்டின் மதிப்பைக் கேட்கும். அப்போது 46க்குப் பதில் 184 போட வேண்டும், அதாவது நான்கு மடங்கு.

இந்த அடையாளம் நம் வாசல்வரைதான் செல்லும் என்று நினைத்துக்கொள்வது நல்லது. சாதாரண இன்டர்நெட் இணைப்பில் ஐஎஸ்பிகள் பெரும்பாலும் இதை 0 ஆக்கிவிடுவார்கள், ஆக்காவிட்டாலும் மதிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் அடைப்பு ஏற்படுவது பெரும்பாலும் நம் வாசலில்தானே, அங்கே அதைப் பயன்படுத்திக்கொண்டால் போதும்.

பேக்கப்பும் மற்ற பிரவுசிங்கும் இருக்கிற வகுப்பில் எஃப்க்யூ-கோடெல் என்ற வரிசை முறையைப் போட்டேன். மைக்ரோடிக்கின் மென்பொருளான ரௌட்டர்ஓஎஸ் 7இல் இதுவும், 'கேக்' என்ற இதே வகை முறையும் வந்தன. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட வீட்டு ரௌட்டர்களில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் கிடைக்கும். கேத்லீன் நிக்கல்ஸும் மேலே சொன்ன அதே வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெலைக் கொண்டுவந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது எண்ணுவதில்லை. ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். 100 மில்லிசெகண்ட் நேரம் தொடர்ந்து 5 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருப்பு இருந்தால், ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அனுப்புகிறவருக்குச் சேதி சொல்லும். எஃப்க்யூ என்பது ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை வைத்து மாற்றி மாற்றி விடுவது. உண்மையைச் சொன்னால், வீடுகளுக்கு இது ஒன்றே போதும். டிஎஸ்சிபி, வகுப்பு என்று எதுவும் தேவையில்லை, சின்னச் சின்ன பாக்கெட் அனுப்புகிற பேச்சும் கேமும் தானாகவே முன்னால் வந்துவிடும். மறுநாள் நான்கு மணிக்கு அந்த ஆபீஸில் பேக்கப் ஓட, பிங் 9, 12, 10 என்று நின்றது. பேக்கப் கொஞ்சம் தாமதமாக முடிந்தது, யாருக்கும் அது தெரியவில்லை.

டவுன்லோடு பக்கம் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது. பாக்கெட் ஏற்கெனவே நம் இணைப்பைக் கடந்து வந்துவிட்டது. இருந்தாலும் 100ஐ 90க்கு ஷேப்பிங் செய்தால் டிசிபி அனுப்புகிறவர்கள் அடங்குவார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 300, 500 எம்பி இணைப்பில் விலை குறைந்த ரௌட்டரில் க்யூஓஎஸ் போட்டால் சிபியு திணறும், வேகம் பாதியாகிவிடும். பெட்டியின் திறனைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

வைஃபையில் பேசுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. வைஃபைக்கு டபிள்யூஎம்எம் என்று குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என நான்கு வகை. வைஃபை தரும் பெட்டிகளான ஆக்சஸ் பாயிண்ட்கள் பல, டிஎஸ்சிபியின் மேல் மூன்று பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். 46இன் மேல் மூன்று பிட் 5. அந்த 5 விழுவது வீடியோ வகையில், குரலுக்கு 6, 7தான். குரல் என்று நாம் அனுப்பியது வீடியோவாகப் போய் நிற்கும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325, இஎஃப்பை 6க்கு மாற்றச் சொல்கிறது. ஆக்சஸ் பாயிண்ட்டில் அந்தப் பட்டியலை மாற்ற முடிந்தால் கட்டாயம் மாற்றுங்கள்.

கடைசியாக, நம் ஊரில் தவறாமல் செய்ய வேண்டியது ஒன்று. தெருவில் எங்காவது பள்ளம் தோண்டினால் ஃபைபர் அறுந்துபோகும், ரௌட்டர் தானாக 4ஜி டாங்கிளுக்கு மாறும். அப்போது அப்லோடு 3, 4 எம்பிதான் வரும், ஷேப்பர் மட்டும் 18 என்றே நிற்கும். வரிசை மறுபடி டாங்கிளுக்குள் போய்விடும், குரல் உடையும். எஃப்யூபி, அதாவது பிளானின் டேட்டா வரம்பு, தாண்டி வேகம் விழுந்தாலும் இதே கதைதான். அதனால் அந்த ஆபீஸில் இரண்டு இணைப்புக்கும் தனித்தனி க்யூ வைத்திருக்கிறேன். ஃபைபர் போனால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடி அப்லோடை 2 எம்பிக்கு இறக்கும், மூலை கம்ப்யூட்டரின் பேக்கப்பைத் தடுத்துவிடும், போனையும் ஜிஎஸ்டி தளத்தையும் மட்டும் விடும். ஃபைபர் திரும்பி, ஐந்து நிமிடம் நிலையாக இருந்தால் பழையபடி 18.